இருபது வாட்டுக்கு என்ன குறைச்சல்?

முதுகுளத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் முளைப்பாரித் திருவிழா என்றால், ஊர் கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். கரிசல் வெளி, மறிக்க மலையும் இல்லை, தோப்பும் குறைவு. வேப்பமரத்து உச்சியிலோ மூங்கில் கம்பிலோ கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் பாட்டு, சீமைக்கருவேலங் காட்டையும் மிளகாய்க் கொல்லையையும் தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்கரை வரை போகும். அவ்வளவு தூரம் போக ஒரு குழாய்க்கு மைக் செட்காரர் கொடுக்கும் மின்சாரம் எவ்வளவு? குழாயின் பின்னால் திருகியிருக்கும் யூனிட்டைப் பார்த்தால் தெரியும்: 30 வாட், 40 வாட், மிஞ்சினால் 60. அதே தெருவில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர், கதவில் 300 வாட் என்று எழுதிய ஸ்பீக்கரை மாட்டியும் சத்தம் பத்தவில்லை என்கிறார். கடைக்காரரோ, "ஆம்ப் போடாம ஸ்பீக்கர் மட்டும் மாத்துனா இப்படித்தாண்ணே இருக்கும்" என்று அடுத்த பில்லுக்கு அடி போடுகிறார். ஊரையே எழுப்பும் குழாய்க்கு 40 வாட் போதும்போது, கையெட்டும் தூரத்தில் இருக்கும் காதுக்கு 300 வாட் ஏன் போதவில்லை?

கார் வாங்கும்போது கூடவே வருகிற ஸ்பீக்கரை இந்தப் பக்கம் "கம்பெனி ஸ்பீக்கர்" என்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் ஏர்வாடிக்கும் உத்தரகோசமங்கைக்கும் சவாரி போகிற வாடகைக் கார்களானாலும் சரி, வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் வீட்டுக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் ஆனாலும் சரி, மணிக்கணக்கில் ஓடும் வண்டியில் பாட்டுதான் துணை. கம்பெனி ஸ்பீக்கர் அலுத்ததும் பரமக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய் மாற்றுகிறார்கள். அங்கே காத்திருக்கிறது மேலே சொன்ன அறிவுரை: ஆம்ப்ளிஃபயர் சேர்க்காமல் ஸ்பீக்கரை மாற்றுவது வீண் செலவு. அந்த அறிவுரை பாதிதான் சரி என்பது என் வாதம். டேஷ்போர்டில் ஏற்கெனவே இருக்கும் செட் தருகிற இருபது வாட் சொச்சம், காருக்குள் பாட்டுக் கேட்க விரும்பும் பெரும்பாலோருக்குப் போதும். தவறு நடப்பது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதிலும், அதை மாட்டுகிற கதவிலும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஆம்ப் போட்டவர், கோளாறையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கேட்கிறார்.

இருபது வாட் என்று எதை வைத்துச் சொல்வது? செட்டின் பெட்டியில் "50 வாட் × 4" என்றல்லவா போட்டிருக்கிறது. கணக்கு எளிது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்சுற்றில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் ஒரு சிப் (டிடிஏ 7388 போன்ற நான்கு வழிச் சிப்புகளை உலகம் முழுக்கக் கார் செட்டுகளில் பார்க்கலாம்) ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளி இழுத்து, அந்த 14.4 வோல்ட்டையும் சிந்தாமல் பயன்படுத்தப் பார்க்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8. பெட்டியில் உள்ள ஐம்பது பிறக்கும் இடம் இதுதான். ஆனால் அந்த ஐம்பது கிடைக்க வேண்டுமானால் செட் மூச்சுவிடாமல் சதுர அலையாக உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். அதை யாரும் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். ஒழுங்கான சைன் அலைக்கு அதில் சரிபாதி, அதாவது 25.9 வாட்தான் உச்சவரம்பு. சிப்புக்குள் போகிற இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது 20, 22. சந்தேகம் இருந்தால் செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். பல செட்டுகளில் 10 ஆம்பியர்தான். 14.4 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் பெருக்கினால் 144 வாட். 144 வாட் உள்ளே போகிற பெட்டியிலிருந்து 200 வாட் வெளியே வந்தால் நாம் கமுதியில் சூரிய மின் நிலையம் கட்டியிருக்கவே வேண்டாம்.

இந்த எண் விளையாட்டு தெரிந்துதான் அமெரிக்காவின் நுகர்வோர் மின்னணுத் துறைச் சங்கம் 2003-இல் சிஇஏ 2006 என்றொரு அளவுமுறையைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த நிலையில் தொடர்ந்து எவ்வளவு வருகிறதோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இது கட்டாயச் சட்டம் இல்லை, விரும்புகிற நிறுவனம் பின்பற்றலாம். அப்படிப் பின்பற்றும் செட்டின் கையேட்டில், கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில், அந்த இருபது சொச்சம் ஒளிந்திருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் ஏன் அதிகம் தருகிறது என்பதற்கும் இதுவே விடை. அது பேட்டரியின் வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ளும் சுற்றை வைத்திருக்கிறது. செட்டுக்குள் அதற்கு இடமும் இல்லை, சூட்டை வெளியேற்ற வழியும் இல்லை. ஆக, விலை உயர்ந்த செட்டானாலும் மலிவானதானாலும், உள்ளிருக்கும் சிப்பை மட்டும் நம்பியிருக்கிறவரை இந்த எல்லையைத் தாண்டுவது கடினம்.

இனி, இந்த இருபது எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் வாட்டுக்குக் கீழே சின்னதாக இன்னொரு எண் இருக்கும்: சென்சிட்டிவிட்டி, 90 டெசிபெல் என்பதுபோல. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதே அந்த எண். ஒரு வாட்டுக்கு 90 என்றால், இருபது வாட்டுக்கு 103. ஓட்டுநரின் வலது காதுக்கும் வலது கதவு ஸ்பீக்கருக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய அந்த ஒரு மீட்டர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் வரையறையில் 80 டெசிபெல் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம். 100-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் சேர்த்தே இருபது நிமிடம் சொச்சம். அப்படியிருக்க, நாம் வழக்கமாகக் கேட்கும் 80, 85 டெசிபெல்லுக்கு இந்த ஸ்பீக்கர் கேட்பது ஒரு வாட்டுக்கும் குறைவு. தவிலில் விழும் அடி, பாடலின் திடீர் உச்சம் போன்றவை சராசரியைவிடப் பத்துப் பதினைந்து டெசிபெல் தூக்கும். அதற்கு ஒரு வாட் பத்தாகும், சில நேரம் இருபதாகும். இருபது வாட் செட் இந்த இடத்தில் விளிம்பைத் தொடும், ஆனால் தாங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடையில் ஏமாறும் இடம் இதுதான். நம் காது சத்தத்தைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை. மூன்று டெசிபெல் கூட்ட இரட்டை வாட் வேண்டும். ஆறு கூட்ட நான்கு மடங்கு. "இரண்டு மடங்கு சத்தம்" என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய பத்து டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட். செட்டின் இருபதை ஆம்ப் போட்டு எண்பதாக்கினால் கிடைப்பது ஆறு டெசிபெல். 86 டெசிபெல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை வைத்துவிட்டு 92 உள்ளதை எடுத்தால் கிடைப்பதும் அதே ஆறு டெசிபெல். ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவு, பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, சீட்டுக்கு அடியில் ஒரு சூடான பெட்டி. மற்றதற்கு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டைப் படிக்கும் பொறுமை மட்டும். திருவிழாக் குழாயின் ரகசியமும் இதேதான். சாதாரணக் கார் ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. மீதி சுருளில் சூடாகப் போகிறது. குழாயின் விரியும் வாய், உள்ளே துடிக்கும் சிறு தகட்டைக் காற்றோடு இணக்கமாகப் பிணைப்பதால், பத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல் ஒலியாகிறது. அதனால்தான் நாற்பது வாட்டில் நாலு ஊர் விழிக்கிறது. (குழாயின் சத்தம் இனிமையானது என்று நான் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அதை நிறுத்தச் சொல்லும் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளுக்கு என் முழு ஆதரவு உண்டு.)

அப்படியென்றால் 300 வாட் என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய்யா? பொய்யில்லை, நாம் அதைத் தப்பாகப் படிக்கிறோம். முதுகுளத்தூரிலிருந்து கரி மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் பத்து டன் தாங்கும் என்று எழுதியிருந்தால், பத்து டன் கரி அந்த லாரியோடே இலவசமாக வரும் என்று யாரும் நினைப்பதில்லை. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட் தாங்கும் அளவுதான். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. வேடிக்கை என்னவென்றால், அதிக வாட் தாங்கச் செய்த ஸ்பீக்கரில் சுருள் கனமாகவும் கூம்பு தடிப்பாகவும் ஓரத்து ரப்பர் இறுக்கமாகவும் இருக்கும். அதை அசைக்கவே அதிக மின்சாரம் வேண்டும். இருபது வாட் செட்டில் அதை மாட்டினால், கழற்றிப்போட்ட கம்பெனி ஸ்பீக்கரைவிடக் குறைவாகவே கத்தும். கம்பெனி ஸ்பீக்கரின் கூம்பு பெரும்பாலும் இலேசான காகிதம். தன் சின்னச் செட்டுக்கு ஏற்றபடி அதை அளவெடுத்துத்தான் செய்திருக்கிறார்கள். புதிதாக மாற்றியவர் "பழசே பரவாயில்ல" என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் குற்றம் சுமத்த வேண்டியது இல்லாத ஆம்ப்பின் மேல் இல்லை, பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிய கணத்தின் மேல். இன்னொரு சூட்சுமமும் உண்டு. சில பெட்டிகளில் சென்சிட்டிவிட்டியை ஒரு வாட்டுக்கு என்று போடாமல் 2.83 வோல்ட்டுக்கு என்று போட்டிருப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட். ஆக எண் மூன்று டெசிபெல் கூடுதலாகத் தெரியும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அடிக்குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கம்பெனி ஸ்பீக்கர் சத்தத்தில் மோசமில்லை என்றால் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். சத்தத்துக்காக மாற்றக் கூடாது, தெளிவுக்காக மாற்ற வேண்டும் என்பதே என் பதில். 1925-இல் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் அமெரிக்காவில் வடிவமைத்த அசையும் சுருள் ஸ்பீக்கரின் அடிப்படைதான் இன்றும் நம் கார்க் கதவில் இருக்கிறது. நூறு வருடத்தில் மாறியது பொருளும் நுணுக்கமும். விலை குறைந்த மாடல்களில் அந்த நுணுக்கத்தில்தான் கை வைக்கிறார்கள். ட்வீட்டர் இருக்காது, கூம்பின் நடுவில் சின்னக் காகிதக் குடை ஒன்றை ஒட்டி, உச்ச ஒலிகளை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். ஆறரை அங்குலக் கூம்பு இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை டார்ச் வெளிச்சம்போல நேராக மட்டுமே வீசும். அந்த ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர், கூம்பின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்பீக்கர் பார்ப்பதோ நம் முழங்காலை. நாகஸ்வரத்தின் சீவாளி உரசும் கூர்மை, தவிலின் வலந்தலையில் விரற்கூடு படும் 'டண்', பாடகியின் குரலில் 'ச'வுக்கும் 'ஸ'வுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் முழங்காலிலேயே நின்றுவிடுகின்றன. தனி ட்வீட்டரைக் கண்ணாடி ஓரத் தூணில் பொருத்தும் காம்பொனன்ட் ஜோடி இதைச் சரிசெய்கிறது. நடுவிலேயே ட்வீட்டர் உள்ள கோஆக்சியல் ஜோடி ஓரளவுக்குச் சரிசெய்கிறது. இந்த மாற்றத்துக்கு ஒரு வாட்கூடக் கூடுதலாக வேண்டாம். கடலோர வண்டிகளில் வேறொரு காரணமும் சேர்கிறது: வெயிலில் நிற்கும் காரின் சூடும் உப்புக்காற்றும் காகிதத்தையும் முனைகளின் உலோகத்தையும் மெல்லத் தின்கின்றன. பத்து வருட வண்டியின் ஸ்பீக்கர் கரகரத்தால் அது வயசுக் கோளாறு. ஆம்ப் போட்டால் கரகரப்புதான் பெரிதாகக் கேட்கும். இந்தப் பக்கத்துக்கு பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் ஓரமும் உள்ளவை உகந்தவை. ஸ்பாஞ்ச் ஓரம் பொடிந்து உதிரும்.

இனி கதவு. யாரும் பேசாத விஷயம், பலன் அதிகம் தரும் விஷயமும் இதுவே. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் வரும் அலையும் பின்னால் போகும் அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்துவிட்டால் கழிந்து போகும். முக்கியமாகத் தாழ்ந்த ஒலிகள், அதாவது பேஸ். கதவின் உள்தகட்டில் கைநுழையும் அளவு ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே விரல் இடைவெளி இருக்கும். டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் காகிதம் தொங்கும். முன் அலையும் பின் அலையும் இந்த வழிகளில் தாராளமாகக் கைகுலுக்கிக்கொள்கின்றன. மடையை அடைக்காமல் கண்மாயில் தண்ணீர் தேக்குகிற வேலைதான் இது. எத்தனை வாட் ஊற்றினாலும் நிற்காது. ஓட்டைகளை ப்யூட்டைல் பசையுள்ள அலுமினியத் தாளால் மூடி, ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளியில்லாமல் ரிங் வைத்து, ஸ்பீக்கர் முகத்துக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஸ்பாஞ்ச் வளையம் ஒட்டினால், தொலைந்த பேஸ் திரும்பி வரும். அதே இருபது வாட், அதே ஸ்பீக்கர். இரண்டு எச்சரிக்கை. மரத்தூள் பலகையில் வெட்டிய ரிங் ஐப்பசி மழை பார்த்ததும் ஊறி உப்பும். பிளாஸ்டிக் ரிங்கே இங்கே நல்லது. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் பாட்டு நன்றாயிருக்கும், கதவு துருப்பிடிக்கும்.

ஆம்ப் பக்கம் நிற்பவர்களின் வலுவான வாதம் பேஸ்தான். அதை மழுப்பக் கூடாது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தம் வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். நூறு ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைகிற கூம்பு ஐம்பதில் நாலு மில்லிமீட்டர் அசைய வேண்டும். ஆறரை அங்குலத்தால் ஓர் எல்லைக்கு மேல் முடியாது. கே.எல்.எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்குரியவரான ஹாஃப்மன் (பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன்) வகுத்த விதி ஒன்று உண்டு: சிறிய பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். நான் பரிந்துரைக்கும் அதிகச் சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கர் ஆழ்ந்த பேஸைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் வருகிறது. ஆனால் கார் ஒரு சின்ன அறை என்பது நமக்குச் சாதகம். மூடிய அறையின் நீளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அலைநீளம் போகும்போது, ஒலி அலையாகப் பரவுவதை விட்டு அறைக்காற்றையே மொத்தமாக அழுத்தத் தொடங்கும். இரண்டரை மீட்டர் நீளக் கேபினில் ஏறக்குறைய எழுபது ஹெர்ட்ஸுக்குக் கீழே இது நடக்கிறது, பேஸ் தானாகத் தூக்கிக்கொடுக்கப்படுகிறது. வீட்டில் சுமாராகக் கேட்கும் ஸ்பீக்கர் காரில் நிறைவாகக் கேட்பது இதனால்தான். பேஸ் கிடாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் அடித்தளம் முழுதாக நெஞ்சில் மோத வேண்டும் என்பவருக்கு, டிக்கியில் சப்-ஊஃபர் வேண்டும் என்பவருக்கு, ஆம்ப் வேண்டும். அவரோடு எனக்குச் சண்டையில்லை. அந்தத் தேவை இல்லாத பத்துப் பேருக்கும் அதே மருந்துச் சீட்டை எழுதுவதோடுதான் சண்டை.

அடுத்த ஆட்சேபம், குறைந்த வாட் செட்டை முறுக்கி வைத்தால் ட்வீட்டர் எரிந்துவிடும் என்பது. உண்மை. செட் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அதில் பிறக்கும் உச்ச ஒலிகள் எல்லாம் சின்ன ட்வீட்டரின் தலையில்தான் விழும். ஆனால் செட் ஏன் எல்லையைத் தாண்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம், செட்டில் +6-க்கு ஏற்றி வைத்த பேஸ். பேஸை ஆறு டெசிபெல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்கு நான்கு மடங்கு வாட் போகிறது. இருபது வாட் செட், பேஸைப் பொறுத்தவரை ஐந்து வாட் செட்டாகச் சுருங்குகிறது. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்ஜியத்தில் விட்டு, செட்டில் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹை-பாஸ் வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வைத்தால், ஆறரை அங்குலத்தால் எப்படியும் சொல்ல முடியாத ஒலிகளுக்காக வீணாகும் வாட் மிச்சமாகும். வசதி இல்லாத செட்டுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வரிசையில் 400, 500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், இருமுனை வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்பியும் மாற்ற வேண்டும் என்பார்கள். தேவையில்லை. இருபது வாட் 4 ஓமுக்குப் போகும்போது ஓடுவது 2.2 ஆம்பியர்தான், கம்பெனிக் கம்பி அதைச் சிரமமில்லாமல் சுமக்கும். மூன்று மீட்டர்க் கம்பியில் இழப்பு கால் டெசிபெல் அளவுக்குத்தான் வரும்.

சாலை இரைச்சல் என்றொரு ஆட்சேபமும் உண்டு. மதுரையிலிருந்து தனுஷ்கோடி போகும் 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பரமக்குடி வரை நான்கு வழி; பரமக்குடி–ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டருக்கு நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சாலை அகலமானால் வேகம் கூடும், வேகம் கூடினால் டயரும் காற்றும் சேர்ந்து கேபினுக்குள் 65, 70 டெசிபெல் இரைச்சலை நிரப்பும். அதற்கு மேல் பாட்டுக் கேட்க வாட் வேண்டாமா? 70-க்கு மேல் 15 கூட்டினால் 85. அதற்கு ஒரு வாட்டுக்கும் குறைவே போதும் என்று முன்பே பார்த்தோம். இரைச்சலை வாட்டால் அடிக்கப் போகிறவர் முதலில் தோற்கடிப்பது தன் காதைத்தான். கதவில் ஒட்டிய அதே ப்யூட்டைல் தாள் தகட்டின் அதிர்வையும் குறைக்கும். பழைய கதவு ரப்பர் பீடிங்கை மாற்றினால் காற்றொலி குறையும். பாட்டை ஏற்றுவதைவிட இரைச்சலை இறக்குவது மலிவு.

இவ்வளவு சொன்ன பிறகு, கைவைக்கவே கூடாத வண்டிகளையும் சொல்ல வேண்டும். க்ரெட்டாவின் உயர் மாடல்களில் வரும் போஸ், எக்ஸ்யூவி 700-இல் வந்த பன்னிரண்டு ஸ்பீக்கர் சோனி போன்ற அமைப்புகளில் ஸ்பீக்கர், செட், ஒலிச் சீரமைப்பு எல்லாம் ஒரே குடும்பம். தனி ஆம்ப் ஏற்கெனவே உள்ளே இருக்கும், ஸ்பீக்கரின் ஓம் 4-ஆக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே ஒன்றை மட்டும் பிடுங்கி வேறொன்றை வைத்தால் பந்தி கலையும். மாருதியின் சில மாடல்களில் அர்காமிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மென்பொருள், அந்தக் கம்பெனி ஸ்பீக்கரின் குறைகளுக்கு ஏற்றபடி ஒலியைச் சரிக்கட்டித் தருகிறது. ஸ்பீக்கர் மாறிய பிறகு அந்தச் சரிக்கட்டல் மிகையாகலாம்; செட்டிங்கில் அதைச் சாதா நிலைக்கு மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி: 2 ஓம், 3 ஓம் ஸ்பீக்கர்கள் அதே செட்டிலிருந்து அதிக மின்சாரத்தை உறிஞ்சிச் சத்தமாகக் கேட்கும். செட்டின் கையேடு 4 ஓமுக்குக் கீழே போகாதே என்றால் போகக் கூடாது. சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குள் அந்தச் சிப் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிறது.

ஸ்பீக்கருக்கு வந்து சேரும் பாட்டு எப்படிப்பட்டது என்பதையும் யாரும் கேட்பதில்லை. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் 100.5 ஆனாலும், பாம்பன் தீவில் 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிக்கும் 90.4 கடல் ஓசை ஆனாலும், பண்பலையின் ஒலி 15 ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அது குறையில்லை, பேச்சுக்கும் பாட்டுக்கும் தாராளம். ஆனால் பென் டிரைவில் அறுநூறு பாட்டு அடங்க வேண்டும் என்று நசுக்கிப் போட்ட எம்பி3, வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த பாட்டு, இவற்றில் தொலைந்தது தொலைந்ததுதான். புது ட்வீட்டர் அதைத் திருப்பித் தராது, அதன் கிழிசலைத்தான் துலக்கமாகக் காட்டும். 320 கேபிபிஎஸ் கோப்பாகச் சேமித்துக் கேட்பது இதில் செலவே இல்லாத முன்னேற்றம்.

செலவைக் கணக்குப் போட்டால், நல்ல பெயருள்ள கோஆக்சியல் ஜோடி சுமார் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம். முன் கதவு இரண்டுக்கும் தாளும் ரிங்கும் கூலியும் சேர்த்து இன்னொரு இரண்டாயிரம் சொச்சம். ஆம்ப் என்றால் அதற்கான கம்பி, ஃப்யூஸ், கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தொட்டுவிடும், ஸ்பீக்கர் இன்னும் வாங்கவில்லை. நாலு ஸ்பீக்கரையும் மாற்றப் பணம் போதாதென்றால் முன் ஜோடியை மட்டும் நல்லதாக மாற்றி, பின்னால் இருப்பதை அப்படியே விடுவது புத்திசாலித்தனம். மேடை நமக்கு முன்னால்தானே இருக்கிறது. சவாரி வண்டிக்காரருக்கு மட்டும் இது பொருந்தாது, அவருக்குக் காசு கொடுப்பவர்கள் பின் சீட்டில் உட்கார்கிறார்கள். கடையில் பலகையில் வரிசையாக மாட்டி மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது எது சத்தமோ அதுவே நல்லதாகத் தெரியும். மனிதக் காதின் பலவீனம் அது. பலகையில் கதவும் இல்லை, உங்கள் செட்டும் இல்லை. உங்கள் போனிலிருந்தே, நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு பாட்டை, ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்க வேண்டும். மாட்டும்போது கம்பெனிக் கம்பியை வெட்டவிடாமல், வண்டிக்கேற்ற கப்ளர் வாங்கிச் செருகச் சொல்ல வேண்டும். வாரண்டி உள்ள வண்டிக்கு இது முக்கியம்.

மாட்டி முடித்ததும் பேஸ் முன்பைவிடக் குறைந்திருந்தால் பதறி ஆம்ப்புக்கு ஓட வேண்டாம். ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கலாம். இடது முன்னால் தள்ளும்போது வலது பின்னால் இழுத்தால் பேஸ் நடுவிலேயே செத்துப்போகும். பென்சில் பேட்டரி ஒன்றைக் கப்ளரிலிருந்து கழற்றிய முனைகளில் தொட்டுப் பார்த்தால், பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டதும் கூம்பு வெளியே எழும்ப வேண்டும். உள்ளே அமுங்கினால் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. கடையை விட்டுக் கிளம்புமுன், கழற்றிய கம்பெனி ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கி, பழைய துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கிற நாளில் புதுசைக் கழற்றி அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு, இதைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம்.